பக்கத்தில் நிற்பவர்

வழியில் தவித்து நிற்பவரைப் பார்த்தால் மனம் இளகுகிறது. கால் ஏன் தயங்குகிறது? பாலக்காடு, இடுக்கி எல்லைச் சாலைகளில் கிடைக்கும் விடைகள்.

2018 ஜூன் மாதத்தில் ஒரு நாள். எர்ணாகுளத்திலிருந்து புறப்பட்ட கேரள அரசு போக்குவரத்துக் கழக வால்வோ பஸ், திருச்சூர், பாலக்காடு, வாளையார் எல்லாவற்றையும் கடந்து ஓசூர்ப் பக்கம் வந்துவிட்டது. இன்னும் சிறிது தூரம் போனால் பெங்களூர். பயணிகளில் பலர் அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். அப்போது ஒரு பெண் பயணிக்கு வலிப்பு வந்தது.

பஸ்ஸில் பணியில் இருந்தவர்கள் இருவர். வி.டி. கிரீஷ், வி.ஆர். பைஜு. வண்டியைப் பெங்களூர் வரை ஓட்டி, அங்கே யாரிடமாவது ஒப்படைத்துவிடலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. பஸ்ஸைத் திருப்பி, ஓசூரில் ஒரு மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பெண்ணைச் சேர்த்தாயிற்று. அத்துடன் கடமை முடிந்ததாகப் புறப்பட்டிருக்கலாம். ஆனால் நோயாளியுடன் யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்றது மருத்துவமனை. பயணிகள் எல்லோருக்கும் போகவேண்டிய இடம் இருந்தது. பைஜு தங்கிவிட்டார். கிரீஷ் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு தனியாகப் பெங்களூருக்கு வண்டியை ஓட்டிச் சென்றார். உறவினர்கள் வந்து சேரும்வரை, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு பெண்ணுக்கு அந்த பஸ் ஊழியர்தான் துணை. பிறகு கழகம் இருவரையும் பாராட்டியது.

இப்படித் துணைக்கு இருப்பவருக்குக் கேரளத்து மருத்துவமனைகளில் ஒரு பெயர் உண்டு: 'பைஸ்டாண்டர்'. மலையாளத்தில் 'கூட்டிரிப்புகாரர்' என்றும் சொல்வார்கள். கூட இருப்பவர் என்று பொருள். கோவைக்கோ மதுரைக்கோ பிழைக்கப் போன மலையாளி, மருத்துவமனையில் "பைஸ்டாண்டர் யாரு?" என்று கேட்டால் மற்றவர்கள் விழிப்பார்கள். ஏனென்றால் உலகின் பிற பகுதிகளில் அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் வேறு: சம்பவம் நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பவர். தமிழில் சொன்னால், வேடிக்கை பார்ப்பவர்.

ஒரே சொல், இரண்டு மனிதர்கள். நெடுஞ்சாலையில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது சுற்றி நிற்பவர் இந்த இருவரில் யாராக மாறுகிறார் என்பதில்தான் விழுந்தவரின் உயிர் இருக்கிறது. அவரை மாற்றுவது எது? இரக்கம் மட்டும்தானா?

கிரீஷ், பைஜு கதையின் முடிவு கொடுமையானது. 2020 பிப்ரவரி 20 அதிகாலை. பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் நோக்கி வந்துகொண்டிருந்த அவர்களுடைய பஸ் மீது, திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே, எதிர்த்திசையில் வந்த கண்டெய்னர் லாரி சாலைத் தடுப்பைத் தாண்டி மோதியது. 19 பேர் இறந்தார்கள். பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் என்று வீட்டு வாசலை விடியும்போது மிதித்திருக்க வேண்டியவர்கள். இறந்தவர்களில் அந்த இரண்டு ஊழியர்களும் இருந்தார்கள். இம்முறை பாலக்காட்டிலிருந்து ஆம்புலன்ஸ்கள் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு விரைந்தன. யாருக்கோ துணையிருந்தவர்களுக்குத் துணையிருக்க, முகம் தெரியாத ஊர்க்காரர்கள் வந்து நின்றார்கள்.

இரண்டு வாசல்கள்

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக நிற்கிறது. அந்தச் சுவரில் உள்ள பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். அகலம் 30, 40 கிலோமீட்டர் இருக்கும். காற்றும் மழையும் வணிகமும் படையெடுப்பும் காலங்காலமாக இந்த வழியில்தான் வந்து போயின. இன்று சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வாளையாரில் இந்த எல்லையைக் கடக்கிறது. இரவு முழுக்க லாரிகளின் வரிசை. காய்கறி, முட்டை, சிமென்ட், டைல்ஸ் என்று இரு திசையிலும் ஓயாத ஓட்டம்.

தெற்கே இடுக்கியில் வாசல் கிடையாது, ஏணிதான் உண்டு. தேனி மாவட்டத்துச் சமவெளியிலிருந்து மூன்று மலைச்சாலைகள் மேலே ஏறுகின்றன. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளுடன் போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, மூணாறு, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி. விடியும் முன்பே போடி, தேவாரம், கம்பம், கூடலூர் ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் புறப்படும். மாலையில் அதே ஜீப்புகள் இறங்கும். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்குப் போகும் வேன்களும் கார்களும் சேர்ந்துகொள்ளும். 2022 டிசம்பரில் ஆண்டிப்பட்டியைச் சேர்ந்த பக்தர்கள் சபரிமலையிலிருந்து திரும்பிய வாகனம் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தது இந்தச் சாலையின் அண்மைக்காலத் துயரங்களில் ஒன்று.

இந்தப் பாதைகளில் வண்டி நின்றுபோவதும் ஊருக்குள் நின்றுபோவதும் ஒன்றல்ல. ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். இறங்கும்போது விடாமல் மிதித்த பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். பக்கத்தில் கடை இருக்காது, வீடு இருக்காது. மூடுபனி இறங்கினால் பத்தடி தூரத்தில் நிற்கும் வண்டிகூடத் தெரியாது. செல்போனில் கோடு இருக்காது. பூப்பாறைப் பக்கம் என்றால் யானை பயமும் உண்டு. இங்கே நின்றுபோனவருக்கு இருப்பது ஒரே நம்பிக்கை: அடுத்து வரும் வண்டி.

மலைச்சாலை டிரைவர்கள் அதை அறிந்தவர்கள். ஏற்றத்தில் நின்றுபோன வண்டியின் சக்கரத்துக்குப் பின்னால் முதலில் கல்லைப் போடு. வளைவுக்கு முன்பே மரக்கிளையை ஒடித்துப் போட்டுப் பின்னால் வருகிறவனுக்கு எச்சரிக்கை கொடு. இருக்கிற தண்ணீரைப் பகிர்ந்துகொள். அடுத்த டவுனில் மெக்கானிக்கிடம் சேதி சொல். எந்தப் பள்ளியிலும் கற்றுத்தராத பாடங்கள் இவை. வண்டி புறப்பட்டதும் கல்லையும் கிளையையும் எடுத்து ஓரமாகப் போடுவது கடைசிப் பாடம். பலர் மறந்துவிடுவது அதைத்தான். விட்டுப்போன அந்தக் கல் இரவில் வரும் இரு சக்கர வண்டிக்காரருக்கு எமனாகிவிடும். உதவி பெற்றவர் அடுத்தவருக்குச் செய்யவேண்டிய முதல் உதவி அதுதான்.

கல்லில் வடித்த கருணை

வழிப்போக்கருக்கு உதவுவது இந்த நிலத்துக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டுப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். கேரளத்தில் அதற்கு அத்தாணி என்று பெயர். அந்தப் பெயரிலேயே அங்கே ஊர்கள் உண்டு. இரண்டு கற்களை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லை வைத்த எளிய அமைப்பு. தலைச்சுமையுடன் நடக்கும் ஒருவரால் தனியாக அதை இறக்கி வைக்கவும் முடியாது. இறக்கிவிட்டால் தனியாகத் தூக்கி ஏற்றவும் முடியாது. இரண்டுக்கும் இன்னொரு ஆள் வேண்டும். தலை உயரத்துக்கு நிற்கும் கல் அந்த இன்னொரு ஆளாக இருந்தது. சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறலாம். பிறகு அப்படியே தலைக்கு நகர்த்திக்கொண்டு நடக்கலாம்.

கருவுற்ற நிலையில், வயிற்றுச் சுமையை இறக்காமலே இறந்துபோன பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழர் வழக்கம். தன் வீட்டில் இறக்க முடியாமல் போன சுமைக்காக, ஊர் பேர் தெரியாதவர்களின் சுமையை இறக்கி வைக்க ஒரு குடும்பம் ஏற்பாடு செய்தது. கோடையில் தண்ணீர்ப் பந்தல், கால் ஓய்ந்தவருக்குச் சத்திரம், மலையாள நாட்டில் வழியம்பலம் எல்லாம் இதே வரிசையில் வருபவை. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் இன்றும் நிற்பது அவர் அமைத்த சாலைகளாலும் சத்திரங்களாலும்தான்.

இவற்றில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் முன்னோர் உதவியை அந்தந்த நேரத்து மனநிலைக்கு விட்டுவிடவில்லை. வழியில் போகிறவருக்கு இரக்கம் சுரக்குமா சுரக்காதா என்று காத்திருக்காமல், கல்லாக நட்டுவைத்துவிட்டார்கள். இரக்கம் ஏற்பாடாக மாறியது. இன்றைய நெடுஞ்சாலைகளில் குறைந்துபோனது அந்த ஏற்பாடுதான்.

நிற்காததற்கு நான்கு காரணங்கள்

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. இப்படி இறப்பவர்களில் சரிபாதிப் பேரை உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்பது 2006இல் வெளியான சட்ட ஆணையத்தின் 201ஆவது அறிக்கையிலேயே இடம்பெற்ற கருத்து. ஆம்புலன்ஸ் வரும்வரை விபத்தில் சிக்கியவருக்கு இருப்பது பக்கத்தில் நிற்பவர்தான்.

அவர் ஏன் தயங்குகிறார்? சேவ் லைஃப் ஃபவுண்டேஷன் என்ற டெல்லி அமைப்பு 2013இல் நடத்திய ஆய்வில், படுகாயமடைந்தவருக்கு உதவ வாய்ப்பில்லை என்ற நிலையில் இருந்தவர்கள் 74 சதவீதம். அவர்களில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் சட்டச் சிக்கல். போலீஸ் விசாரணை, திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு அலைவது. 'நீதான் இடித்தாயா?' என்ற கேள்விக்குப் பயந்தே பலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இதைக் கல்நெஞ்சு என்று சொல்லிவிட முடியாது. முதல் காரணம் இந்த அச்சம்.

இரண்டாவது காரணமும் அச்சம்தான். ஆனால் கள்வர் அச்சம். வழியில் கையைக் காட்டி நிறுத்துபவர் உண்மையிலேயே தவிப்பவரா, பொறி வைப்பவரா? வாளையார்–கோவைச் சாலையில் இது வெறும் கற்பனை அல்ல. 2024 ஜூனில் மதுக்கரைப் பக்கம், பெங்களூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கேரளத்துக்காரர்களின் காரை முகமூடிக் கும்பல் வழிமறித்துத் தாக்கிய காட்சி, காரில் இருந்த கேமராவில் பதிவாகி எல்லோரும் பார்க்கும்படி ஆயிற்று. அதைப் பார்த்தவர் நள்ளிரவில் வண்டியை நிறுத்த யோசித்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் நிறுத்தாமலே உதவவும் வழி உண்டு. இடத்தைக் கவனித்துக்கொண்டு, அடுத்த செக்போஸ்ட்டிலோ டோல்கேட்டிலோ சொல்வதற்கு, 112க்குப் போன் செய்வதற்கு யாரும் பயப்படத் தேவையில்லை.

மூன்றாவது காரணம் அவசரம். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. பாதிரியார் படிப்பு மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் சொற்பொழிவாற்ற அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, அடிபட்டு வழியில் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய பைபிள் கதை. போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து முனகும்படி ஏற்பாடு. 'நேரமாகிவிட்டது, ஓடுங்கள்' என்று விரட்டப்பட்டவர்களில் நின்று உதவியவர்கள் 10 சதவீதம். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம். பேசப்போகும் தலைப்பு என்ன என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. கையிலிருந்த கடிகாரம் உண்டாக்கியது.

நான்காவது காரணம் கூட்டம். நியூயார்க்கில் 1964இல் ஒரு பெண் கொலையானபோது அக்கம்பக்கத்தார் கண்டுகொள்ளவில்லை என்று எழுந்த பரபரப்பைத் தொடர்ந்து, டார்லியும் பிப் லடானேயும் 1968இல் ஒரு முடிவை முன்வைத்தார்கள். பார்ப்பவர்கள் கூடக்கூட, 'வேறு யாராவது செய்வார்கள்' என்ற எண்ணமும் கூடுகிறது என்பது அது. பிந்தைய ஆய்வுகள் அந்தக் கவலையைக் கொஞ்சம் குறைத்தன. இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா நாடுகளின் தெருக் கேமராக்களில் பதிவான சச்சரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரை, பத்தில் ஒன்பது சம்பவங்களில் ஒருவராவது குறுக்கிட்டு உதவியதைக் காட்டியது. கூட்டத்தில் ஒருவர் முதல் அடி எடுத்து வைப்பதுதான் முக்கியம்.

அந்த முதல் அடியை யாரும் எடுத்து வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பாலக்காடு மாவட்டம் 2018 பிப்ரவரி 22இல் பார்த்தது. அட்டப்பாடியில் மது என்ற ஆதிவாசி இளைஞர் உணவுப் பொருள் திருடியதாகச் சொல்லிக் கூட்டமாகப் பிடித்துக் கட்டி அடித்தார்கள். அவருடன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் வண்டியில் போகும்போதே அவர் இறந்தார். 2023இல் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அடித்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு அவரவர் மனசாட்சிதான் நீதிமன்றம்.

சட்டம் நட்ட சுமைதாங்கி

சாலையிலிருந்து தூக்கிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் கேரளத்திலேயே சாட்சி உண்டு. 2017 ஆகஸ்டில் கொல்லம் அருகே விபத்தில் சிக்கிய நெல்லை மாவட்டத் தொழிலாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தது. சேர்த்துக்கொள்ள ஆள் இல்லை. வென்டிலேட்டர் இல்லை என்றும், கூட யாரும் இல்லை என்றும் காரணங்கள் சொல்லப்பட்டன. பல மணி நேர அலைச்சலுக்குப் பிறகு ஆம்புலன்சிலேயே அவர் உயிர் பிரிந்தது. முதல்வர் பினராயி விஜயன் சட்டசபையில் அவருடைய குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். பைஸ்டாண்டர் இல்லாமல் இறந்தவர் அவர். ஓசூரில் பைஜு தங்கியதன் அருமை இதை நினைத்தால் விளங்கும்.

காயமடைந்து வருபவருக்கு முதலில் சிகிச்சை, பிறகுதான் மற்ற நடைமுறைகள் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே, பரமானந்த் கட்டாரா வழக்கில், அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டது. உதவுபவரின் பாதுகாப்புக்குத்தான் நெடுங்காலம் சட்டம் இல்லை. அது வரக் காரணமாக இருந்தது ஒரு குடும்பத்தின் இழப்பு. 2007 ஏப்ரலில் டெல்லிச் சாலையில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடிபட்டு நெடுநேரம் ரத்தம் வழியக் கிடந்து இறந்தான். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், யாரும் தூக்கவில்லை. அவனுடைய உறவுக்கார அண்ணன் பியூஷ் திவாரி மறு ஆண்டு சேவ் லைஃப் அமைப்பைத் தொடங்கி, 2012இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். மத்திய அரசு 2015 மே மாதத்தில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30இல் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு நாடு முழுவதும் கட்டுப்படுத்தும் வலுவைக் கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. 2020 செப்டம்பரில் விதிகளும் வந்தன.

இப்போது நிலைமை இதுதான். விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு, பலன் கருதாமல் உதவுபவர் மீது, அந்த உதவியின்போது நேர்ந்துவிட்ட பிழைக்காகக்கூட சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ தொடர முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி போலீசாரோ மற்றவரோ கட்டாயப்படுத்தக்கூடாது; விரும்பினால் சொல்லலாம். சாட்சி சொல்வதும் அவர் விருப்பம். ஒப்புக்கொண்டால் அவருக்கு வசதியான இடத்திலும் நேரத்திலும்தான் விசாரணை. வீட்டுக்குப் போய் விசாரிக்கும் போலீஸ்காரர் சீருடையில் போகக்கூடாது. கொண்டுவந்து சேர்த்தவரிடம் மருத்துவமனை பணம் கேட்கக்கூடாது. இந்த உரிமைகளை எழுதி மருத்துவமனை வாசலில் மாநில மொழியிலும் மாட்டிவைக்க வேண்டும்.

செலவுக் கவலைக்கும் ஓரளவு வழி பிறந்திருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்றாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. போடிமெட்டு இறக்கத்தில் விழுந்த மலையாளிக்கும் அது பொருந்தும். 2025 மே மாதத்தில் மத்திய அரசும் நாடு முழுவதற்கும், ஏழு நாள் வரை, ரூ. 1.5 லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டத்தை அறிவிக்கை செய்தது. உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்து உயிர் காத்தவருக்கு 2021இல் ரூ. 5,000 என்று அறிவிக்கப்பட்ட பரிசு, 2025இல் ரூ. 25,000 ஆனது. கருணைக்குக் கூலியா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அன்றைய கூலியை இழந்து ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் ஜீப் டிரைவருக்கு அந்தக் கேள்வி எழாது.

ஆக, சட்டம் தன் பங்குக்குச் சுமைதாங்கியை நட்டுவிட்டது. ஆனால் அது அங்கே இருப்பது பலருக்குத் தெரியவில்லை. சேவ் லைஃப் அமைப்பே 2018இல் நடத்திய இன்னோர் ஆய்வில் 84 சதவீதம் பேர் இப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதை அறிந்திருக்கவில்லை. அடிபட்டவரைப் பார்த்துவிட்டுப் பழைய பயத்திலேயே கடந்துபோகிறவர், இல்லாத பேய்க்குப் பயந்து ஓடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்லை மூடிய நாட்களில்

விபத்துக்குச் சட்டம் இருக்கிறது. வெறுமனே வழியில் அகப்பட்டுத் தவிப்பவருக்குச் சட்டம் இல்லை. அவருக்குக் கிடைப்பது மனிதத் தன்மை ஒன்றுதான். இந்த எல்லைகள் அதையும் சோதித்துப் பார்த்திருக்கின்றன.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது குமுளிச் சாலை வாரக்கணக்கில் முடங்கியது. ஐயப்ப பக்தர்கள் வேறு வழியாகச் சுற்றிப் போனார்கள். தலைமுறை தலைமுறையாக ஏலத்தோட்டங்களில் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பயந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதை வழியே தேனிப் பக்கம் இறங்கினார்கள். முந்தின வாரம்வரை 'சேச்சி', 'அக்கா' என்று அழைத்துக்கொண்டவர்கள் ஒரே நாளில் அந்நியர் ஆனார்கள். பக்கத்து வீட்டுக்காரரை அந்நியராக்க வதந்தி ஒன்று போதும் என்று அந்த மாதம் காட்டியது. அதே சாலையில் பிறகு ஜீப்புகள் மறுபடி ஏறத் தொடங்கியதும் உண்மை. இரண்டு பக்கமும் வயிறு ஒன்றுதான்.

2020 மே மாதத்தில் பயத்துக்கு வேறு முகம். ஊரடங்கில் வெளி மாநிலங்களில் அகப்பட்டவர்கள் ஊர் திரும்ப வாளையார், குமுளி உள்ளிட்ட எல்லைகளைக் கேரளம் திறந்தது. பாஸ் வேண்டும் என்பது நிபந்தனை. மே 9ஆம் தேதி பாஸ் இல்லாமல் வந்த நூற்றுக்கணக்கானோர் வாளையாரில் நடுவழியில் நின்றார்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள். முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் திரும்பவும் இடமில்லை. அன்றிரவு கோவையில் ஒரு முகாமில் அவர்களைத் தங்க வைத்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கேரள உயர் நீதிமன்றம் சிறப்பு அமர்வு கூட்டி அவர்களை உள்ளே விட வழி செய்தது. அங்கே நின்றவர்களில் ஒருவருக்குத் தொற்று இருந்தது பிறகு தெரியவந்தது. அருகே போனவர்கள், மக்கள் பிரதிநிதிகள் உட்பட, தனிமையில் இருக்கச் சொல்லப்பட்டார்கள்.

நோய்த் தொற்றைத் தடுப்பது அரசின் கடமை. அதை மறுக்க முடியாது. ஆனால் வெயிலில் நிற்பவருக்குத் தண்ணீரும் நிழலும் கொடுப்பதற்கு எந்தப் பாஸும் தேவையில்லை. விதி சரியா, தவறா என்ற வாதம் மேலே நடந்துகொண்டிருக்கும்போது கீழே ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும். வாதம் முடியும்வரை அந்தக் குழந்தையால் காத்திருக்க முடியாது.

கேரளம் பிற மாநிலத் தொழிலாளர்களை 'அதிதி தொழிலாளி' என்று குறிப்பிடுகிறது. விருந்தினர் என்று பொருள். அழகான சொல். அட்டப்பாடியும் கொல்லமும் காட்டுவது, சொல் மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதைத்தான். தமிழ்நாடும் தன்னை அதே கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டியதே. விருந்தோம்பலைப் பாடமாகப் படித்த நாம்தான், விபத்து நடந்த இடத்தில் செல்போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

செய்யவேண்டியது பெரிய வீரச்செயல் எதுவும் இல்லை. வண்டியைச் சம்பவ இடத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, நான்கு பக்க விளக்குகளையும் எரியவிட வேண்டும். 108க்கோ 112க்கோ போன் செய்து, எந்தச் சாலை, எந்த வளைவு, எந்த மாநிலப் பக்கம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அடிபட்டவரைப் பிடித்து இழுக்காமல், ரத்தம் வழியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தண்ணீர் புகட்டும் அவசரத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். கூட்டத்தைப் பொதுவாகப் பார்த்துக் கத்தாமல், 'நீல சட்டை தம்பி, நீங்கள் போன் பண்ணுங்கள்' என்று ஒருவரைச் சுட்டிச் சொல்ல வேண்டும். பெயரிட்டு அழைக்கப்பட்ட பிறகு வேடிக்கை பார்ப்பது எளிதல்ல. விபத்து இல்லை, வண்டிதான் நின்றுபோயிற்று என்றால் வேலை இன்னும் சுலபம். ஒரு பாட்டில் தண்ணீர், அடுத்த ஊரில் மெக்கானிக்குக்கு ஒரு தகவல், பெண்களும் குழந்தைகளும் தனியே இருந்தால் வேறு துணை வரும்வரை பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடம்தான் பலருக்குப் பெரிய தொகையாகத் தெரிகிறது. கிரீஷும் பைஜுவும் பயண அட்டவணையைப் பார்த்திருந்தால் அவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். நாற்பதுக்கும் மேற்பட்ட பயணிகளைச் சுமந்து வரும் தொலைதூர பஸ். காலையில் பெங்களூர் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். ஆனாலும் வண்டி திரும்பியது. பயணிகளும் முணுமுணுக்காமல் கூடவே திரும்பினார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. அவர்களுடைய நேரத்தையும் சேர்த்துத்தான் அந்தப் பெண்ணின் உயிர் மீட்கப்பட்டது.

பழைய சாலையோரங்களில் இன்னும் மிச்சமிருக்கும் சுமைதாங்கிகளில் இன்று யாரும் சுமை இறக்குவதில்லை. சில கற்கள் சாலையை அகலப்படுத்தியபோது போயின. சில, ஆடு கட்டும் தூண்களாக நிற்கின்றன. தலைச்சுமைக்காரர்கள் மறைந்துவிட்டார்கள். சுமை மறையவில்லை. இன்று இரவும் வாளையாரைத் தாண்டும் ஏதோ ஒரு லாரி, குமுளி இறங்கும் ஏதோ ஒரு வேன் வழியில் நின்றுபோகும். அதன் டிரைவர் இறங்கிச் சாலையோரம் நின்று, வருகிற வெளிச்சத்தை நோக்கிக் கையை உயர்த்துவார். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பவரா, கூட இருப்பவரா என்பது அவருக்குத் தெரியாது. வண்டியின் வேகம் குறைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார்.